ஏழு பேரில் ஐந்தாவது பெயர்

மேடை ஏறுவதற்கு முன்னால் மேடம் தன் செல்போனை அணைத்து என் உள்ளங்கையில் வைப்பார். கைப்பை, கண்ணாடிக் கூடு, தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்கு முன்பே என்னிடம் வந்திருக்கும். போன்தான் கடைசி. அது என் கைக்கு வந்துவிட்டால் இனி ஒரு மணி நேரத்துக்கு மேடம் யாருக்கும் கிடைக்க மாட்டார் என்று அர்த்தம். “இனிமே பூகம்பம் வந்தாலும் முடிச்சிட்டுத்தாம்மா கேப்பேன்” என்பார். மேடையில் இருக்கும்போது பக்கவாட்டில் திரும்பிப் பார்ப்பதே இல்லை. முன்பு எங்கேயோ ஒரு விழாவில் யாரோ ஓரத்தில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்ட, பேச்சு பாதியில் அறுந்துபோய், அசிங்கப்பட்டு இறங்கினாராம். அதிலிருந்து எதிரே உட்கார்ந்திருக்கும் முகங்கள் மட்டும்தான் அவர் கண்ணில் படும். ஓரத்தில் நிற்கும் என்னைப் போன்ற ஆட்கள் அவருக்குத் திரைச்சீலை மாதிரி.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். ஏற்றுமதிக் கம்பெனியில் துணி மடித்தேன், அலங்காரக் கடையில் பூ கட்டினேன், அப்படியே விழா ஏற்பாட்டு வேலைக்கு வந்து சேர்ந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை, அதுதான் ஆபீஸ். கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒரே பேச்சுதான். வருஷ விழாவுக்குப் பேச ஒருவர் வேண்டும், சிரிக்க வைக்க வேண்டும், ஆனால் ஊக்கம் கொடுக்கிற மாதிரியும் இருக்க வேண்டும், யார் மனதும் புண்படக் கூடாது, முதலாளிக்குப் பிடிக்க வேண்டும். இவ்வளவையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பார்கள். அப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைத்தார் என்றால் அது மேடம்தான். கிண்டியில் ஒரு பெரிய கம்பெனியின் வரவேற்பு மேசையில் இருபது வருஷத்துக்கு மேல் போன் எடுத்தவர். ‘ஹலோ’ என்ற ஒரே சொல்லை முதலாளி எப்படிச் சொல்வார், லீவு கேட்பவர் எப்படிச் சொல்வார், தவறான எண்ணுக்கு அடித்தவர் எப்படிச் சொல்வார் என்று வரிசையாகச் செய்து காட்டினாலே கூட்டம் சிரித்து விழுந்துவிடும்.

ஆனால் அவர் பேச்சின் உயிர் வேறொன்றில் இருந்தது. ஒவ்வொரு கம்பெனியிலும் ஏழு பேர். அந்த ஏழு பேரின் பெயரைச் சொல்லி, அவர்கள் பழக்கத்தை எடுத்து, அவர்கள் குடும்பத்தின் முன்னாலேயே செல்லமாக ஓட்டுவார். உடம்பைப் பற்றி, நிறத்தைப் பற்றி, வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. பழக்கம் மட்டும்தான். “நம்மள ஒருத்தர் இவ்ளோ கவனிச்சிருக்காரேன்னு அவங்க சந்தோஷப்படணும்மா” என்பார். அந்த ஏழு பேரைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை. மேனேஜர்களைக் கேட்டால் உப்புச்சப்பில்லாமல் சொல்வார்கள். அதனால் விழாவுக்குப் பத்து நாள் முன்னால் கம்பெனி கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவேன். ஒரு டீயை அரை மணி நேரம் குடிப்பேன். ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் யாரை எப்படிக் கலாய்க்கிறார்கள் என்று காதில் வாங்கி, கோடு போட்ட தாளில் பெரிய பெரிய எழுத்தாக எழுதி மேடத்திடம் கொடுப்பேன். அவர் அதை மனப்பாடம் செய்துவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிடுவார். நான் எழுதியதை ஒருநாளும் அவர் சந்தேகப்பட்டதில்லை. எனக்கு அதுவே பயமாக இருக்கும்.

பயம் என் கூடப் பிறந்தது. மைக் பேட்டரியை மூன்று தடவை மாற்றிப் பார்ப்பேன். நாற்காலியை எண்ணி முடித்ததும் எண்ணியது சரிதானா என்று மறுபடி எண்ணுவேன். ஆனால் பாருங்கள், பயப்பட வேண்டிய இடத்தில் மட்டும் எனக்குப் பயம் வரவில்லை.

பல்லாவரத்திலிருந்து திருநீர்மலை போகிற சாலையில் ஒரு கம்பெனி. வண்டிகளுக்கான தகட்டுப் பாகங்கள் செய்கிற இடம். குடும்ப விழா, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், ஒரு கல்யாண மண்டபத்தில். வழக்கம்போல டீக்கடையில் உட்கார்ந்தேன். பிரஸ் செக்‌ஷனில் ஒரு அண்ணனைப் பற்றி அவர் கூட்டாளிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “அவரு நின்னுகினே தூங்குவாருக்கா. மெஷின் ஒருபக்கம் ஓடிகினு இருக்கும், இவரு ஒருபக்கம் ஆடிகினு இருப்பாரு” என்று ஒருவர் நடித்தே காட்டினார். கூட இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் சிரித்தேன். ஐந்தாவது பெயராக எழுதினேன். பிரஸ் என்பது மேலிருந்து இறங்கித் தகட்டை வெட்டுகிற இயந்திரம். அதன் முன்னால் ஒருவர் தூங்குகிறார் என்றால் அது சிரிப்பா, அது முதலாளி காதில் விழுந்தால் என்ன ஆகும், இதெல்லாம் அன்றைக்கு என் மண்டையில் ஏறவே இல்லை. நல்ல ஐட்டம் கிடைத்தது என்று மட்டும்தான் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் முதலாளி, அவர் பக்கத்தில் மேனேஜர். கலர் விளக்குகளெல்லாம் மின்ன, மேடம் மேடை ஏறினார். நான் அவர் போனை வைத்துக்கொண்டு ஓரத்தில் நின்றேன். முதல் ஆளான டிரைவர் கதையிலேயே கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. திறந்திருக்கிற கேட்டைப் பார்த்தும் ஹாரன் அடிக்கிறவர் அவர். அப்போதுதான் ஒரு பெண் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“அக்கா, இந்த லைட்டு இப்டியே மின்னிகினே இருக்குமா?”

இடையிடையே போடுவோம் என்றேன்.

“கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன். எங்க வூட்டுக்காரருக்கு ஆவாது.”

எனக்குத்தான் எதையும் சும்மா விட வராதே. கண் கோளாறா, தலைவலியா, மண்டபத்தில் டாக்டர் வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே போனேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதருகே வந்தாள். வலிப்பு. இரண்டு வருஷமாக மாத்திரை. வலிப்பு வந்து பல மாதம் ஆகிறது, ஆனால் மாத்திரை ஆளைத் தூக்கம் தூக்கமாகப் போட்டு அடிக்கிறது. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. “தெரிஞ்சா வேலைய வுட்டு அனுப்பிடுவாங்கக்கா. நீ யாராண்டையும் சொல்லிடாத” என்றாள்.

எந்தச் செக்‌ஷன் என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. “பிரஸ்ஸு” என்றாள். பெயரையும் சொன்னாள்.

விளக்கை நிறுத்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு மேடையைப் பார்த்தேன். மேடம் இரண்டாவது ஆளில் இருந்தார், ஸ்டேப்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டி வைக்கிற கணக்குப் பிரிவு அம்மா. ஒரு ஆளுக்கு நாலு நிமிஷம். மேடத்தின் போன் என் கையில் வேர்த்துக் கிடந்தது. மேடைக்கு நேர் எதிரே போய் நின்று கையை ஆட்டினால் முதலாளி பார்ப்பார். நாற்காலி இடுக்கில் புகுந்து நடுவில் நின்று தலையை மட்டும் ஆட்டிப் பார்த்தேன். நான் ரசித்துச் சிரிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு மேடம் அடுத்த வரியை என்னைப் பார்த்தே சொன்னார். மூன்றாவது ஆள் தொடங்கிவிட்டார். ஆறாவது வரிசையில் அந்த அண்ணன் மடியில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த மனைவி, விளக்கு நின்றுவிட்ட நிம்மதியில் அவரிடம் ஏதோ சொன்னாள். அவளுக்கு நான் எழுதிக் கொடுத்த தாளைப் பற்றி எதுவும் தெரியாது.

மைக்செட் போட்டவரிடம் ஓடினேன். “அண்ணா, மைக்கை ஆஃப் பண்ணுங்க.”

“இன்னாத்துக்கு? நல்லாத்தான கீது.”

“பண்ணுங்கண்ணா, அப்புறம் சொல்றேன்.”

“இன்னா பேஜாரு பண்றக்கா நீ. மொதலாளி குந்திகினு இருக்காரு, மைக்கு போச்சுனா என்னைய இல்ல கேப்பாரு.”

அவர் பேசி முடிப்பதற்குள் நானே வயரைப் பிடுங்கிவிட்டேன். மண்டபம் ஒரு நொடி செத்துப்போனது. அப்பாடா என்று நினைத்தேன். ஆனால் போனிலேயே ஆபீஸ் முழுவதையும் நடுங்க வைத்த குரல் அது. மேடம் மைக்கை ஸ்டாண்டில் வைத்துவிட்டு, இரண்டு அடி முன்னால் வந்து, “மைக் போனா என்ன? நான் போன் இல்லாமலே கிண்டிலேர்ந்து தாம்பரத்துக்குப் பேசுனவ” என்றார். விசில் பறந்தது. முன்னைவிடத் தெளிவாக, கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி நாலாவது ஆளைத் தொடங்கினார்.

நான் மேடையில் ஏறியதே இல்லை. அலங்காரம் செய்வதற்கு ஏறியிருக்கிறேன், ஆள் இல்லாதபோது. பள்ளியில் ஒருமுறை பரிசு வாங்கக் கூப்பிட்டார்கள், அதற்கே ஜுரம் வந்து வீட்டில் படுத்துக்கொண்டவள். அந்தப் பக்கப்படிகள் ஐந்தோ ஆறோதான் இருக்கும். எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் நினைவில்லை. “நம்ம பிரஸ் செக்‌ஷன்ல ஒரு அண்ணன் இருக்காரு” என்று மேடம் வாயெடுத்த அதே நேரத்தில் நான் அவர் தோளைத் தொட்டேன். அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் கண்ணில் வந்த கோபத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

“அஞ்சாவது வேணாம் மேடம். தயவுசெஞ்சு” என்றேன்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு மூச்சு விட்டார். பிறகு என் கையைப் பிடித்து மேடைக்கு நடுவில் இழுத்து நிறுத்திவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“பிரஸ் செக்‌ஷன் அண்ணன் இருக்காரு, அவரு பாட்டுக்கு நிம்மதியா இருக்கட்டும். இவங்களப் பாருங்க. இந்த விழாவோட ஒருங்கிணைப்பாளர். காலைலேர்ந்து எனக்கு நாலு போன். ‘மேடம் கிளம்பிட்டீங்களா?’ கிளம்பிட்டேன்மா. ‘ஆட்டோல ஏறிட்டீங்களா?’ ஏறிட்டேன்மா. ‘ஆட்டோல கேஸ் இருக்கான்னு கேட்டீங்களா?’ நேத்து எனக்கு மெசேஜ், இன்னிக்கு மழை வருமாம். ஏம்மா, மண்டபத்துக்குள்ளதானே விழா? ‘அதான் மேடம், மண்டபத்துக்குக் கூரை நல்லா இருக்கான்னு போய்ப் பாத்துட்டு வந்தேன்.’”

எல்லாம் உண்மை. கூரையை நிஜமாகவே போய்ப் பார்த்திருந்தேன். நானூறு பேர் சிரித்தார்கள். முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். காது இரண்டும் எரிய, மேடத்தின் போனை மார்போடு பிடித்துக்கொண்டு நான் அங்கேயே நின்றேன். ஏழு பேர் ஏழு பேராக எத்தனை பேரை எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த இடத்தில் நிற்பது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ஆறாவது வரிசையைப் பார்த்தேன். எல்லோரும் சிரிக்க, அந்த அண்ணன் மட்டும் சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பந்தியில் மேடம் இலை முன்னால் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. கேட்டு முடித்துவிட்டு, “சரி. நாளைக்குக் காலைல அந்த மெஷின்ல யாரு நிப்பா?” என்றார்.

“அவர்தான் மேடம்.”

அவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார். ஒரு பருக்கை சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் நான் டீக்கடையில் இருந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கண்ணை மூடினால் அந்த இயந்திரம் மேலிருந்து இறங்குகிறது. ஷிப்டுக்கு முன்னால் டீ குடிக்க வந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் நேராக என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“என் பேரு வரும்னு பசங்க முன்னாடியே சொல்லிட்டானுங்க” என்றார். “தூங்குற கதைய நீங்க எழுதிகினு போனீங்கன்னு.”

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

“அதுக்கில்ல. விழாவுக்கு மொத நாளு ராத்திரியெல்லாம் யோசிச்சு வெச்சிருந்தேன். பேரு வந்துச்சுனா எழுந்து நின்னு சொல்லிடலாம்னு. ஆமா, தூங்குறேன், மாத்திர சாப்புடுறேன், இதான் வியாதின்னு. எல்லாரும் சிரிச்சுகினு இருக்கும்போது சொன்னா சொல்லிட முடியும். குடும்பமெல்லாம் கீது, மொதலாளியும் சிரிச்சுகினு இருப்பாரு. டக்குனு வெளிய போன்னு சொல்ல மாட்டாரு. நீங்க வந்து கெடுத்துட்டீங்களேக்கா.”

நான் அவரைக் காப்பாற்றிவிட்டேன் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் போய்ச் சொல்லலாமே என்றேன். அவர் தலையை ஆட்டினார். மேனேஜர் ரூமில் போய் ஒற்றை ஆளாய் நின்று சொல்கிற தைரியம் தனக்கு இல்லை என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. ஷிப்ட் மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். “போன வாரம் ஒருக்கா கை உள்ள இருக்கும்போதே கண்ணு செருகிடுச்சு” என்றார், யாரிடமோ சொல்கிற மாதிரி. பிறகு என்னைப் பார்த்தார். “மேடையில ஏறி வந்தீங்கல்ல. ரூமுக்கும் வாங்களேன்.”

போனேன். மேனேஜர் அறையில் ஏசி சத்தம் மட்டும்தான். அண்ணன் நான்கே வரியில் சொல்லி முடித்துவிட்டார். மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, முதலில் அவர் கைகளைத்தான் பார்த்தார். எவ்வளவு நாளாக என்று கேட்டார். இரண்டு வருஷம் என்றதும் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “இன்னைலேர்ந்து பிரஸ் பக்கம் போகாதீங்க. வீட்டுக்குப் போங்க. கூப்பிடுறோம்” என்றார். அது வேலை போய்விட்டது என்பதா, வேறு வேலை தருவோம் என்பதா, அவர் முகத்தை வைத்து எதுவும் தெரியவில்லை. கேட்காமலே இரண்டு பேரும் வெளியே வந்தோம்.

அன்று மாலை அவர் மனைவி போன் செய்தாள். “சொல்லாதேன்னுதான உன்கிட்ட சொன்னேன்? எங்க வூட்டு விஷயத்துல பூர்றதுக்கு நீ யாருக்கா?” என்று கேட்டுவிட்டு அழுதாள். அவள் வைக்கிற வரை காதிலிருந்து எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம் போனது. அந்த மூன்று வாரமும் காலை ஒன்பது மணிக்கு மேடம் கூப்பிடுவார். நலமா, சாப்பிட்டாயா எதுவும் கிடையாது. “கூப்பிட்டாங்களா?” இல்லை என்பேன். “சரிம்மா” என்று வைத்துவிடுவார். இடையில் வந்த இரண்டு விழாக்களை உடம்பு சரியில்லை என்று தட்டிக் கழித்துவிட்டார். மேனேஜரிடம் ஒருமுறை தானே பேசினார் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என்ன பேசினார் என்று கேட்டதற்கு, “நாலு தடவ ரிசப்ஷன்ல ஹோல்ட் பண்ணச் சொன்னாங்க. நான் போன வெக்கல” என்று மட்டும் சொன்னார். நாலாவது வாரம் திங்கட்கிழமை, டாக்டர் சீட்டோடு வரச் சொல்லி அண்ணனுக்குப் போன் வந்தது. ஸ்டோர்ஸில் வேலை. உட்கார்ந்து செய்கிற வேலை, பகல் ஷிப்ட் மட்டும். நான் மேடத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன். “இருக்கேம்மா” என்றார், ரொம்ப நேரம் கழித்து.

அதற்குப் பிறகு என் தாளை அவர் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் போன் நம்பர் கேட்பார். ஏழு பேரையும் தானே கூப்பிடுவார். “உங்க கம்பெனி விழாவுல உங்களக் கொஞ்சம் கிண்டல் பண்ணலாம்னு இருக்கேன். இதைத்தான் சொல்லப் போறேன். சொல்லட்டுமா, வேணாமா?” சிலர் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். சிலர் தயங்குவார்கள். தயங்கினால் அடுத்த கேள்வி கிடையாது, பெயரை அடித்துவிடுவார். முன்கூட்டியே சொல்லிவிட்டால் சிரிப்பு குறைந்துவிடாதா என்று நான் கேட்டேன். குறைந்தது உண்மைதான். ஏழு பேர் சில இடங்களில் நான்கு பேர் ஆனார்கள். ‘போன வருஷம் மாதிரி இல்லையே’ என்று சில கம்பெனிகள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டன. மேடம் மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது ஆள் பிடிக்கிற விதமே வேறு. ரீல்ஸில் முப்பது வினாடி பார்த்துவிட்டு இவர்தான் வேண்டும் என்கிறார்கள். வருகிற இளம் தொகுப்பாளர்கள் மேடையிலிருந்தே கூட்டத்தில் யாரையாவது காட்டி நேரடியாகக் கலாய்க்கிறார்கள், அது நன்றாகவும் எடுபடுகிறது. நான் ஓரத்தில் நின்று, கை காட்டப்பட்டவரின் முகத்தை மட்டும் பார்ப்பேன். பட்டியல் கேட்கிற பேச்சாளர் யாராவது வந்தால் நானே உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறேன். மேடத்தின் குரல் எனக்கு ஏது. “சார், தப்பா நெனச்சுக்காதீங்க” என்றுதான் ஆரம்பிக்கிறேன்.

போன மழைக்கு முன்னால் மேடம் காலமானார். கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நிறைய. போதகர் ஜெபம் முடித்ததும் ஒவ்வொருவராகப் போய் ஒரு பிடி மண் போட்டோம். வரிசையில் எனக்குப் பின்னால் யாரோ “அக்கா” என்றார்கள். அண்ணனும் அவர் மனைவியும். தலை நரைத்திருந்தது. மனைவி என் தோளில் கை வைத்தாள்.

“கடைசி வரைக்கும் மேடம் என் பேர மேடையில சொல்லவே இல்லக்கா” என்றார் அவர். குறையாகச் சொன்னாரா, வேறெப்படியா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு குனிந்து, வலது கை நிறைய மண்ணை அள்ளிக் குழிக்குள் போட்டார். ஈர மண், விரல்களில் ஒட்டிக்கொண்டது. அவர் கையை உதறினார். அவ்வளவு பேர் அழுதுகொண்டிருந்த இடத்தில் நான் அவர் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து. எண்ணியது சரிதானா என்று மறுபடி ஒருமுறை எண்ணினேன்.